வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3

என் அன்புத் தூங்குமூஞ்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். உனக்குக் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்தால், எழுதியதே இல்லை. நீ பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம், எதற்குக் கடிதம்? இப்போது போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்ப்பதில்லை. உன் பழைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி இந்த விலாசத்தை வாங்கினேன். வந்ததே வந்தாய் என்று என் தலையில் ஒரு புது பிரேமையும் கட்டிவிட்டார்.

நீ வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அம்மாவிடம் "ஆபீஸ் விஷயம்மா" என்றாயாம். என்னிடம் அதுகூட இல்லை. நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து பார்த்தால் உன் கட்டில் துடைத்துவிட்டதுபோல இருக்கிறது.

என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நம் "அக்கா சொன்னா சரி" பாட்காஸ்ட்டை வெறும் குரலாக இரண்டு வருஷம் நடத்தினோம். எண்பது எபிசோட். கேட்டவர்கள் தொள்ளாயிரம் பேரைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரர், உன் மாமாதான் "இனி வீடியோவும் எடுக்கணும், முகத்தைப் பாக்காம யாரும் நிக்க மாட்டாங்க" என்றார். போட்டோ ஸ்டுடியோவில் இருப்பவர், அவருக்குத் தெரியாதா? வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார்ந்தால் பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கும் என்றதும், அம்மா அறையில் இருந்த பழைய மர அலமாரியைப் பின்னால் வைக்கலாம் என்று சொன்னது நான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது நீ. உனக்கும் ஆசை இருந்ததுதானே?

ஏழே வீடியோ. ஆறாவதை நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் உன் கதையால்தான். ஆறு வயதில் நீ அந்த அலமாரிக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் குறட்டை விட்ட கதை. கதை நடந்த அலமாரியே பின்னால் நின்றால் யாருக்குப் பிடிக்காது?

அந்தக் கமெண்ட்டை மனதில் வைத்துக்கொள்ளாதே. 'வழிப்போக்கன்' என்று யாரோ வேலைவெட்டி இல்லாதவன், "தாழ்ப்பாள் வெளிப்பக்கம் அல்லவா இருக்கிறது, உள்ளே இருந்தவர் எப்படிப் பூட்டினார்?" என்று கேட்டுவிட்டான். இரண்டாயிரம் பேர் அதற்கு லைக் போட்டார்கள். ஏழாவது வீடியோவில் நான் அதைப் படித்துக் காட்டி, "இவ மாயக்காரிங்க, உள்ள இருந்தே வெளிய பூட்டுவா" என்றேன். நீயும்தான் சிரித்தாய்.

எட்டாவது எபிசோட் எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்துவிடு.

உன் அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. சௌக்கியம். கடைக்கு மேலேயே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள். பரவாயில்லை, ஜன்னல் திறக்கிறது.

போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. உன் குரல் காதில் விழுந்தால் நான் சிரித்துவிடுவேன். பழகிவிட்டது. நீ என்ன சொன்னாலும் என் வாய் தானாகச் சிரிக்கும், பிறகு நான் கோபமாக இருக்கிறேன் என்று நானே நம்ப மாட்டேன். அதனால் எழுது. காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நம் வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை. கூச்சம். ஆறாவது வெளியான மறுநாள், கண் சோதிக்க வந்த ஒரு பெண் "நீங்கதானே தூங்குமூஞ்சி அக்கா?" என்று போனை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். நீ அலமாரிக் கதையைச் சொல்கிறாய். ஒரு கையால் கதவைத் தட்டிக் காட்டுகிறாய். உன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், விரல் நுனி வெளுத்திருக்கிறது. அப்படியே கொஞ்ச நேரம். அப்புறம் சுவிட்ச் போட்டதுபோலச் சிரிக்கிறாள்.

அது நான்தான் என்று புரிய எனக்கே நேரம் பிடித்தது. உனக்குத் தெரிந்திருக்காது. நீ மைக்கைப் பார்த்துப் பேசுகிறவள்.

இங்கே லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, "இதுல நல்லா தெரியுதா, அதுலயா?" என்று கேட்கிறேன். சிலர் ஒன்றும் தெரியாமலே "நல்லா தெரியுது" என்பார்கள், என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று. அவர்களை உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நீ அதை ஒரே ஒரு தடவை, நடந்தது நடந்தபடி எழுது. எபிசோடைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தங்கை

*

மார்ச் 15

சின்னவளுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயது என்பது என்ன, அதுவே ஒரு குழந்தை. அம்மா மதிய ஷிப்ட்டுக்குப் போனால் உன்னைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும். பள்ளி விட்டு வந்ததும் நீ என் பாவாடையைப் பிடித்துக்கொள்வாய், ராத்திரி வரைக்கும் விடமாட்டாய். அன்றைக்குத் தெருவில் எல்லோரும் விளையாட வந்து என்னைக் கூப்பிட்டார்கள். உன்னோடு வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள்.

கண்ணாமூச்சி என்று சொல்லி உன்னை அலமாரிக்குள் ஏற்றினேன். நீ சந்தோஷமாகத்தான் ஏறினாய். கதவைச் சாத்தினேன். நீ பின்னாலேயே ஓடி வந்துவிடக் கூடாதே என்று தாழ்ப்பாளைப் போட்டேன். பத்து நிமிஷம் என்று நினைத்தேன். சத்தியமாகப் பத்து நிமிஷம். ஆட்டத்தில் மறந்துவிட்டேன்.

எழுதிவிட்டேன். போதுமா?

எழுதி வைத்துவிட்டு இரண்டு நாளாகத் தபாலில் போடவில்லை. உன் மாமாவிடமும் சொன்னேன். அவர் "இதையே எட்டாவது எபிசோடா பண்ணிடலாம்" என்றார். நானும் யோசித்தேன். நாலு லட்சம் பேர் முன்னால் உன்னைக் கேலி செய்தேன், நாலு லட்சம் பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன். அதுதானே நியாயம்? பின்னால் அதே அலமாரி. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஒன்றும் பேச வேண்டாம். நம் நிகழ்ச்சியும் எங்கேயோ போய்விடும்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

மன்னிப்புக்கும் லைட்டு, கேமராவா? நான் அழுதால் குளோசப் வைப்பாரா மாமா?

நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், நீ பேசுவாய். இத்தனை வருஷமும் அப்படித்தானே இருந்தேன்.

நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதியை நான் எழுதுகிறேன். உள்ளே பூச்சி உருண்டை வாசனை. கதவு இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். முதலில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், நீ கண்டுபிடிப்பாய் என்று. அப்புறம் தட்டினேன். அப்புறம் கத்தினேன். தெருவிலிருந்து உன் குரல் கேட்டது. நீ ஜெயித்துவிட்டாய் போல, "நான்தான், நான்தான்" என்று கத்தினாய். என் குரல் உன்னை எட்டவில்லை, உன் குரல் என்னை எட்டியது. நான் குறட்டை விடவில்லை அக்கா. மூச்சு முட்டி மயங்கிவிட்டேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஆட்டத்தில் மறந்துபோவது யாருக்கும் நடக்கும். ஆனால் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் எனக்கு அரை நினைவு வந்தபோது, நீ ஓடி வந்து தாழ்ப்பாளை நீக்கினாய். அம்மா வந்து கதவைத் திறந்து பார்த்தாள். "அவளே உள்ள போய்த் தூங்கிட்டாம்மா" என்றாய். அலமாரிக்குள்ளா போய்த் தூங்குவாய் என்று அம்மா எனக்கு இரண்டு வைத்தாள். "அக்காதான் பூட்டினா" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "பொய் சொல்றாம்மா" என்றாய். பொய்க்கு மூன்றாவது அடி. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை எடுத்து நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தாயே, உனக்கு உறுத்தவே இல்லையா?

பதினெட்டு வயதில் எனக்கு வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்தது. அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தன்னைத்தானே பூட்டிக்கிட்டுத் தூங்குறவளை எந்த நம்பிக்கையில ஹாஸ்டலுக்கு அனுப்புறது?" நீ அப்போது பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு அப்போது பத்து வயது இல்லை. இருபத்திரண்டு.

நாலு லட்சம் பேருக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒருத்திக்குச் சொல். அம்மாவுக்கு. கேமரா இல்லாமல்.

தங்கை

*

மார்ச் 31

சின்னவளுக்கு,

தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஆமாம். நீ எழுதும் வரைக்கும் அது எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுத வந்தேன், பேனா நகரவில்லை. மறக்கவில்லை. நீயும் போய்விட்டால் அம்மாவோடு நான் தனியாக மாட்டிக்கொள்வேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அதுதான் உண்மை.

அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். முதல் தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை, "காத்து வரலையா?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். மூன்றாவது, அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாளே, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "அம்மா, அந்த அலமாரி..." என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "அவ குறட்டை விட்டதைத்தானே சொல்ல வர்றே?" என்று தானே முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் எபிசோடில் சேர்த்த பொய்கள்கூட அதில் இருந்தன. கண்ணோரத்தில் மருந்து வழிய, அவ்வளவு ஆசையாகச் சொன்னாள். நான் மென்று முழுங்கிவிட்டு, "ஆமாம்மா" என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய எபிசோடுகளைக் கேட்டேன். அந்தக் கதையைப் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். பதினோரு தடவையும் நான் முடித்த அடுத்த நொடியே நீ சிரிக்கிறாய். உன் மாமாவைக் கூப்பிட்டு, "பாருங்க, குரல்ல ஒரு தயக்கமும் இல்லையே, வீடியோல மட்டும் ஏன்?" என்று கேட்டேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். "எப்பவுமே அவ லேட்டாத்தான் சிரிப்பா. ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். கேக்குறவங்களுக்கு போரடிக்கும்னு நான் வெட்டிடுவேன். வெறும் சத்தத்துல வெட்டினா யாருக்கும் தெரியாது. வீடியோல வெட்டினா படம் குதிக்கும், அதான் விட்டுட்டேன்" என்றார்.

இரண்டு வருஷமாக அந்த மூன்று நொடி நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. மாமா வெட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் எதை வெட்டினேன்?

எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் மட்டும் யோக்கியமாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் இது.

அந்த வழிப்போக்கன் நான்தான்.

அந்தப் பெண் வீடியோவைக் காட்டிவிட்டுப் போனதும், கடையில் பிரேம்களுக்குப் பின்னால் உட்கார்ந்து புதுப் பெயரில் கணக்குத் திறந்து எழுதினேன். முப்பத்திநாலு வருஷத்துக்கு அப்புறம் "அக்காதான் பூட்டினா" என்பதை இரண்டாம் தடவை சொன்னேன், அதுவும் முகமூடி போட்டுக்கொண்டு. லைக் ஏற ஏற அடுத்தவர் கண்ணுக்குப் பவர் குறித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அல்ப சந்தோஷம். உன்னை ஊரார் முன்னால் மாட்டிவிட்டேனே என்று அன்று மாலையே உறுத்தியது. அழித்துவிடலாம் என்று போனேன். அழிக்கவில்லை.

பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கலாம். நீகூட "துருப்பிடிச்சிருக்கே, எடுத்துடேன்" என்றாய். நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். லைட் பட்டால் மின்னுகிற மாதிரி.

நீ அந்தக் கமெண்ட்டை வாசிக்க எடுத்தபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது என் பக்கம் திரும்புவாய் என்று நினைத்தேன். நீ ஜோக் அடித்தாய். நான் சிரித்தேன். அன்றைக்குத்தான் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன், உன்மேல் இருந்த கோபத்தைவிட என் சிரிப்பின்மேல் இருந்த கோபத்தில்.

வாய் திறந்து கேட்க வேண்டியதை ஒளிந்துகொண்டு கேட்டேன். அது என் தப்பு. அதற்காக நீ அம்மாவிடம் சொல்ல வேண்டியது குறைந்துவிடாது.

தங்கை

*

ஏப்ரல் 14

சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உன் மாமாவைக் கடைக்கு அனுப்பினேன். கேமராமேல் துண்டைப் போட்டு மூடினேன். அம்மாவை அழைத்து வந்து உன் நாற்காலியில் உட்கார வைத்தேன். "என்னையும் படம் புடிக்கப் போறியா?" என்று தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டாள்.

எதையும் பூசி மெழுகவில்லை. பத்து வயது என்றெல்லாம் சொல்லவில்லை. ஏற்றினேன், பூட்டினேன், மறந்தேன், பொய் சொன்னேன், காலேஜ் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

முடித்ததும், "எவ்ளோ நேரம்?" என்றாள்.

"மூணு மணி நேரம்மா."

"அன்னைக்கு நான் எத்தனை அடி அடிச்சேன்?"

"ரெண்டு. அப்புறம் பொய் சொன்னான்னு ஒண்ணு."

"அவ என்ன சொன்னா?"

"அக்காதான் பூட்டினான்னு சொன்னாம்மா."

அம்மா கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவ அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லையேடி. நீ சொன்னது மட்டும்தானே ஞாபகம் இருக்கு" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, குனிந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். முழங்கால் வலியோடு அப்படியே நின்றாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. நேற்றுதான், "சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடு. ஒரு டிக்கெட் போதும்" என்றாள்.

அலமாரிக் கதை வந்த பதினோரு எபிசோடையும் அந்த ஆறாவது வீடியோவையும் எடுத்துவிட்டோம். நாலு லட்சம் பார்த்ததும் அதில் போயிற்று. உன் மாமா பட்டனை அழுத்தும் முன் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். நீ இல்லாமல் எட்டாவது எபிசோட் கிடையாது. நீ வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

அந்தக் கமெண்ட்டைப் பற்றி: அதைப் படித்த உடனே எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தெரிந்துதான் ஜோக் அடித்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அம்மா வந்தாள். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தவள்போல முகம். கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சொல்லு" என்றாள்.

"என்னம்மா சொல்ல?"

"அன்னைக்கு நீ சொன்னதை. இப்ப சொல்லு, நான் கேக்குறேன்."

சொன்னேன். ஆறு வயதுக்காரி மாதிரி ஏங்கி ஏங்கித்தான் சொல்ல வந்தது. பூச்சி உருண்டை, வெளிச்சக் கோடு, உன் குரல், எல்லாம். நடுவில் நான் நிறுத்தியபோதெல்லாம் அம்மா அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் என் கன்னத்தில் கை வைத்து, அடித்த இடம் இதுவா என்று கேட்டாள். எனக்கு எந்தக் கன்னம் என்று நினைவில்லை. இரண்டையும் தடவினாள்.

இன்னும் நாலு நாள் இங்கே இருக்கப்போகிறாளாம். என் அறையைப் பார்த்து, "ஜன்னல் பெருசாத்தான் இருக்கு" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் அந்தச் சிரிப்பு மாதிரி ஆகிவிடும். அந்தக் கமெண்ட்டை அழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவோடு அதுவும் போய்விட்டது. நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தூங்கி எழுந்த பிறகு போன் செய். எடுக்கிறேன். உன் பாட்டுக்குப் பேசு, வழக்கம்போல ஏதாவது ஜோக் அடி. நான் உடனே சிரிக்காவிட்டால், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நான் அங்கேதான் இருப்பேன். கொஞ்சம் காத்திரு.

உன் தங்கை